எம்.எல்.ஏ.வுக்குப் போட்ட ஓட்டு டெல்லிக்கும் போகிறது: மக்களவை, மாநிலங்களவை பற்றிய கேள்விகளும் பதில்களும்

தமிழ்நாட்டிலிருந்து ஆறு பேர் மாநிலங்களவைக்குப் போட்டியின்றித் தேர்வு என்று செய்தி வரும்போதெல்லாம், "இதற்கு நாம் எப்போது ஓட்டுப் போட்டோம்?" என்று யாராவது கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அதையும் அதன் அக்கம்பக்கத்துக் கேள்விகளையும் இங்கே சேர்த்து வைத்திருக்கிறோம்.

நாடாளுமன்றம் என்றால் இரண்டு அவைகள் மட்டும்தானா?

இல்லை. அரசியலமைப்பின் 79-ஆவது பிரிவின்படி குடியரசுத் தலைவர், மாநிலங்களவை, மக்களவை ஆகிய மூன்றும் சேர்ந்ததுதான் நாடாளுமன்றம். குடியரசுத் தலைவர் எந்த அவையிலும் உறுப்பினர் அல்லர். ஆனால் அவர் ஒப்புதல் தராமல் எந்த மசோதாவும் சட்டமாகாது. அவைகளைக் கூட்டுவதும் மக்களவையைக் கலைப்பதும் அவர் பெயரில்தான் நடக்கும்.

லோக்சபா, மக்களவை, கீழவை; ராஜ்யசபா, மாநிலங்களவை, மேலவை. எத்தனை பெயர்கள்?

அவை இரண்டே. லோக்சபாவும் மக்களவையும் ஒன்று. ராஜ்யசபாவும் மாநிலங்களவையும் ஒன்று. இந்தியில் லோக்சபா, ராஜ்யசபா என்ற பெயர்கள் 1954-இல்தான் வழக்கத்துக்கு வந்தன.

குழப்பம் "மேலவை" என்ற சொல்லில் இருக்கிறது. தமிழ்நாட்டில் அந்தச் சொல் முதலில் நினைவூட்டுவது டெல்லியை அன்று, சென்னையில் இருந்த சட்ட மேலவையை. அது மாநிலச் சட்டமன்றத்தின் இரண்டாம் அவை. 1986 நவம்பர் 1-ஆம் தேதி முடிவுக்கு வந்தது. கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா போன்ற சில மாநிலங்களில் சட்ட மேலவை இன்னும் இருக்கிறது. அந்த உறுப்பினர்களுக்கு மாநிலங்களவைத் தேர்தலில் ஓட்டு கிடையாது. ஆகவே இந்தப் பக்கத்தில் மேலவை என்ற சொல்லைத் தவிர்த்து, மாநிலங்களவை என்றே எழுதுகிறோம்.

மக்களவையில் எத்தனை பேர்? எப்படித் தேர்வாகிறார்கள்?

543 பேர். உத்தரப் பிரதேசத்துக்கு 80, மகாராஷ்டிரத்துக்கு 48, தமிழ்நாட்டுக்கு 39, புதுச்சேரிக்கு 1. இவற்றில் 84 தொகுதிகள் பட்டியல் சாதியினருக்கும் 47 தொகுதிகள் பழங்குடியினருக்கும் ஒதுக்கப்பட்டவை. முன்பு ஆங்கிலோ-இந்தியர் இருவரை நியமிக்கும் வழக்கம் இருந்தது. 104-ஆவது திருத்தத்தால் 2020 ஜனவரியோடு அது நின்றுவிட்டது.

தேர்தல் முறை எல்லோருக்கும் பழகியதுதான். தொகுதியில் யார் அதிக வாக்கு பெறுகிறாரோ அவர் எம்.பி.; பாதிக்கு மேல் பெற வேண்டிய கட்டாயம் இல்லை. நான்கு பேர் மோதும் தொகுதியில் நூற்றுக்கு 35 பெற்றவர்கூட வென்றுவிடுவார், மற்ற 65 பேரின் ஓட்டு எந்தக் கணக்கிலும் சேராது. மாநிலங்களவைத் தேர்தல் இதற்கு நேர்மாறான கணக்கு. அதைக் கீழே விரிவாகப் பார்ப்போம்.

வேட்பாளருக்கு 25 வயது நிரம்பியிருக்க வேண்டும். டெபாசிட் 25,000 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளருக்கு அதில் பாதி. பதிவான செல்லும் வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்காதவர் "டெபாசிட் இழந்தார்". வாக்களிக்கும் வயது 21-லிருந்து 18-ஆகக் குறைந்தது 61-ஆவது திருத்தத்தால், 1989-இல்.

தமிழ்நாட்டுக்கு ஏன் 39? எப்போதும் அவ்வளவுதானா?

இல்லை. 1962 தேர்தலில் 41 தொகுதிகள் இருந்தன. 1961 கணக்கெடுப்பை வைத்துத் தொகுதிகளை மாற்றியபோது இரண்டு குறைந்து, 1967 முதல் 39 ஆயிற்று. பிறகு 1976-இல் 42-ஆவது திருத்தம், மாநிலங்களுக்கு இடையிலான இடப் பங்கீட்டை 1971 மக்கள்தொகையோடு நிறுத்தி வைத்தது. குடும்பக் கட்டுப்பாட்டில் முந்திய மாநிலங்கள் அதனாலேயே இடங்களை இழந்துவிடக் கூடாது என்பது காரணம். 84-ஆவது திருத்தம் அந்த நிறுத்தத்தை, 2026-க்குப் பிறகு எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டியது. தொகுதி மறுவரையறை என்றதும் தென் மாநிலங்கள் பதறுவது இதனால்தான். ஒருமுறை இரண்டு இடம் போன மாநிலம் இது.

மாநிலங்களவையில் எத்தனை பேர்?

245 பேர். மாநிலங்களும் சில யூனியன் பிரதேசங்களும் அனுப்புபவர்கள் 233. குடியரசுத் தலைவர் நியமிப்பவர்கள் 12. சட்டப்படி 250 வரை போகலாம். தமிழ்நாட்டுக்கு 18, உத்தரப் பிரதேசத்துக்கு 31, புதுச்சேரிக்கு 1. சட்டமன்றம் இல்லாத சண்டிகர், லட்சத்தீவு, அந்தமான் போன்ற பகுதிகளுக்கு ஓர் இடமும் இல்லை.

அமெரிக்க செனட்டில் பெரிய மாநிலம், சிறிய மாநிலம் எதுவானாலும் இரண்டு பேர்தான். இந்தியா அந்த வழியில் போகவில்லை. மக்கள்தொகையில் முதல் 50 லட்சத்துக்கு, பத்து லட்சத்துக்கு ஒருவர். அதற்கு மேல் இருபது லட்சத்துக்கு ஒருவர் என்று கணக்குப் போட்டார்கள். பெரிய மாநிலத்துக்குக் கூடுதல் இடம் கிடைக்கும், ஆனால் மக்கள்தொகையின் வேகத்தில் கிடைக்காது. தமிழ்நாட்டுப் பகுதியின் 1951 மக்கள்தொகை சுமார் 3 கோடி. முதல் 50 லட்சத்துக்கு 5, மீதி இரண்டரைக் கோடிக்குப் பன்னிரண்டரை. கூட்டி முழுதாக்கினால் 18. அப்போது போட்ட கணக்குதான் இன்றும்.

மாநிலங்களவை எம்.பி.யை யார் தேர்ந்தெடுக்கிறார்கள்?

அந்தந்த மாநிலச் சட்டமன்றத்தின் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள். தமிழ்நாட்டில் 234 எம்.எல்.ஏ.க்கள். புதுச்சேரியில் சட்டமன்றத்துக்கு நியமன உறுப்பினர்களும் உண்டு. அவர்களுக்கு இதில் ஓட்டு இல்லை.

ஆக, "நாம் எப்போது ஓட்டுப் போட்டோம்?" என்ற கேள்விக்குப் பதில்: சட்டமன்றத் தேர்தலன்று. எம்.எல்.ஏ.வுக்கு அழுத்திய அந்தப் பொத்தானே மாநிலங்களவைக்கான மறைமுக ஓட்டும் ஆகும். அன்று அதைப் பற்றி யாரும் மேடையில் பேசுவதில்லை என்பது வேறு விஷயம்.

ஓர் இடத்துக்கு 34 எம்.எல்.ஏ.க்கள் தேவை என்கிறார்களே, அந்த 34 எங்கிருந்து வந்தது?

தமிழ்நாட்டின் 18 இடங்களும் ஆறு ஆறாகக் காலியாகின்றன. ஆறு இடம், 234 ஓட்டு. ஒவ்வோர் ஓட்டின் மதிப்பையும் 100 என்று வைத்துக்கொள்வார்கள். மொத்தம் 23,400. இதை இடங்களின் எண்ணிக்கையோடு ஒன்று கூட்டி, அதாவது ஏழால், வகுக்க வேண்டும். 3,342-உம் சொச்சமும் வரும். சொச்சத்தை விட்டுவிட்டு ஒன்று கூட்டினால் 3,343. இதுவே வெற்றிக் கோடு. 33 பேரின் ஓட்டு 3,300 தான், கோட்டைத் தொடாது. 34 பேர் என்றால் 3,400, தாண்டிவிடும்.

ஆறு இடத்துக்கு ஏன் ஏழால் வகுக்க வேண்டும் என்று பலரும் கேட்பார்கள். விடை எளிது. ஆறு பேர் தலா 34 வாங்கினால் 204 போய்விடும், மிச்சம் 30. ஏழாவது ஆள் என்ன செய்தாலும் 34-ஐ எட்ட முடியாது. ஆறு பேர் மட்டுமே எட்டக்கூடிய மிகச் சிறிய எண்ணைத் தேடித்தான் அந்த ஏழு.

ஓட்டுப் போடும் முறையும் வேறு. எம்.எல்.ஏ. தமக்குப் பிடித்தவர் பெயருக்கு எதிரே 1, அடுத்தவருக்கு 2, அதற்கடுத்தவருக்கு 3 என்று எண் எழுதுவார். 34 பேர் முதல் விருப்பம் தந்த வேட்பாளருக்கு 57 மதிப்பு உபரியாக நிற்கும். அது வீணாகாமல், அந்த ஓட்டுகளில் இரண்டாம் விருப்பம் பெற்றவருக்குப் போகும். கடைசியில் இருப்பவர் நீக்கப்பட்டால் அவர் ஓட்டும் அப்படியே அடுத்த விருப்பத்துக்கு மாறும். ஒற்றை மாற்று வாக்கு என்பது இதுதான்.

ஒரு கூட்டணிக்கு 140 எம்.எல்.ஏ.க்கள், எதிரணிக்கு 94 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் அணிக்கு நான்கு இடம் (136), நால்வர் மிச்சம். எதிரணிக்கு இரண்டு இடம் (68), 26 பேர் மிச்சம். மக்களவைத் தேர்தல்போல அதிக ஓட்டு பெற்றவருக்கே என்றிருந்தால் ஆறும் முதல் அணிக்கே போயிருக்கும். இங்கே 4-2. சட்டமன்றத்தில் இருக்கும் விகிதம் கிட்டத்தட்ட அப்படியே டெல்லிக்குப் போகிறது. இந்தியத் தேர்தல் முறைகளில் சிறுபான்மைக் கட்சிக்கு நேர்மையாகப் பங்கு தருவது இதுவே என்பது என் கருத்து.

அப்படியானால் தேர்தலே நடக்காமல் "போட்டியின்றித் தேர்வு" என்று வருவது ஏன்?

மேலே உள்ள கணக்கை எல்லாக் கட்சிகளும் போட்டுப் பார்த்துவிடுவதால். நான்கு இடம்தான் உறுதி என்று தெரிந்தால் நான்கு பேரை மட்டும் நிறுத்துவார்கள். ஆறு இடத்துக்கு ஆறு வேட்பாளர் என்றால் வாக்குப்பதிவுக்கு வேலையில்லை. 2019, 2020, 2022, 2025 என்று தமிழ்நாட்டில் அப்படித்தான் முடிந்தது. 2013-இல் ஏழு பேர் நின்றதால் வாக்குப்பதிவு நடந்தது, தி.மு.க.வின் கனிமொழி வென்றார், தே.மு.தி.க. வேட்பாளர் தோற்றார்.

சுயேச்சைகள் மனுத் தாக்கல் செய்வதும் அவை தள்ளுபடியாவதும் ஒவ்வொரு முறையும் நடக்கிற சடங்கு. பத்து எம்.எல்.ஏ.க்கள் முன்மொழிய வேண்டும் என்ற விதியைத் தாண்ட அவர்களால் முடிவதில்லை.

இது ரகசிய வாக்கெடுப்பா?

2003 வரை ரகசியம். ஓட்டுகள் விலை போவதாகப் புகார் பெருகியதால் சட்டத்தை மாற்றினார்கள். இப்போது எம்.எல்.ஏ. தாம் குறித்த வாக்குச்சீட்டைத் தம் கட்சியின் முகவரிடம் காட்டிவிட்டுத்தான் பெட்டியில் போட வேண்டும். சுயேச்சை எம்.எல்.ஏ. யாரிடமும் காட்டக் கூடாது. உச்ச நீதிமன்றம் 2006-இல் இந்த மாற்றத்தை ஏற்றது.

காட்டுவதிலும் சிக்கல் உண்டு. 2017-இல் குஜராத்தில் காங்கிரஸ் எம்.எல்.ஏ.க்கள் இருவர் சீட்டைத் தம் கட்சி முகவரோடு நிற்காமல் எதிரணியினருக்கும் காட்டினார்கள் என்று புகார் எழுந்தது. தேர்தல் ஆணையம் நள்ளிரவு தாண்டி அந்த இரண்டு ஓட்டையும் செல்லாது என்றது. காங்கிரஸ் வேட்பாளர் அகமது படேல் வென்றார். அதற்கு முந்தைய ஆண்டு ஹரியானாவில் நடந்தது இன்னும் விசித்திரம். ஆணையம் தரும் பேனாவால் மட்டுமே எண் எழுத வேண்டும். வேறு பேனாவால் எழுதிய காங்கிரஸ் ஓட்டுகள் பல செல்லாமல் போய், ஜெயிக்க வேண்டியவர் தோற்றார்.

கட்சி சொன்னபடி ஓட்டுப் போடாவிட்டால் எம்.எல்.ஏ. பதவி போகுமா? போகாது. கட்சித் தாவல் தடைச் சட்டம் இந்தத் தேர்தலுக்குப் பொருந்தாது. கட்சியை விட்டு நீக்கலாம், அவ்வளவுதான். "யாருக்கும் இல்லை" என்ற நோட்டாவும் இங்கே கிடையாது. 2018-இல் உச்ச நீதிமன்றம் அதை நீக்கிவிட்டது.

இடையில் ஓர் இடம் காலியானால்?

இடைத்தேர்தல். வருபவர் மீதமுள்ள காலத்துக்கு மட்டும் இருப்பார். ஆனால் கணக்கு தலைகீழாகிவிடும்: ஓர் இடம் என்றால் 234-இல் பாதிக்கு மேல், அதாவது 118 ஓட்டு வேண்டும். ஆளும் கட்சியைத் தவிர வேறு யாருக்கும் அது சாத்தியமில்லை. எதிர்க்கட்சி உறுப்பினர் விலகினாலோ இறந்தாலோ அந்த இடம் பெரும்பாலும் கை மாறிவிடும். விகிதாசாரத்துக்காக இவ்வளவு பாடுபட்ட முறையில் இது ஒரு பெரிய ஓட்டை.

மாநிலங்களவையைக் கலைக்க முடியாதா?

முடியாது. மக்களவைக்கு ஐந்தாண்டு, அதற்குள்ளும் கலைக்கலாம். மாநிலங்களவை 1952-இல் உருவானது முதல் அப்படியே தொடர்கிறது. உறுப்பினருக்கு ஆறாண்டு, இரண்டாண்டுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கினர் ஓய்வு பெறுவார்கள். முதன்முதலில் வந்த எல்லோருக்கும் ஆறாண்டு கொடுத்தால் இந்தச் சுழற்சி எப்படித் தொடங்கும்? குலுக்கல் போட்டுச் சிலருக்கு இரண்டாண்டு, சிலருக்கு நான்காண்டு என்று குறைத்தார்கள்.

தமிழ்நாட்டின் மூன்று தொகுப்புகளும் சீராக இரண்டாண்டு இடைவெளியில் வருவதில்லை. 2016, 2019, 2020, பிறகு 2022, 2025 என்று வந்தன. இதன் விளைவு சுவையானது. 2016-இல் வந்த சட்டமன்றம் 2016, 2019, 2020 ஆகிய மூன்று தேர்தலையும் நடத்தி, தமிழ்நாட்டின் 18 இடங்களையும் தானே நிரப்பியது. அதற்கு முந்தைய 2011 சட்டமன்றத்துக்குக் கிடைத்தது 2013, 2014 ஆகிய இரண்டு வாய்ப்பு, 12 இடம். இரண்டும் ஐந்தாண்டு இருந்தவையே. 2021-இல் ஆட்சி மாறிய பிறகும், 2020-இல் நிரப்பப்பட்ட ஆறு இடங்களின் பதவிக்காலம் 2026 ஏப்ரல் வரை ஓடியது. சட்டமன்றத் தேர்தலில் மக்கள் சொன்ன தீர்ப்பு டெல்லியில் போய்ச் சேரச் சில ஆண்டு ஆகும், சில ஆண்டு கழித்தும் நிற்கும். அரசியலமைப்பை எழுதியவர்கள் வேண்டுமென்றே வைத்த தாமதம் இது.

தமிழ்நாட்டு இடத்துக்குத் தமிழ்நாட்டுக்காரர்தான் வர வேண்டுமா?

2003 வரை அந்த மாநில வாக்காளராக இருக்க வேண்டும் என்று சட்டம் சொன்னது. இப்போது இந்தியாவில் எங்காவது வாக்காளராக இருந்தால் போதும். மதுரையில் பிறந்த நிர்மலா சீதாராமன் ஆந்திரத்திலிருந்தும் பிறகு கர்நாடகத்திலிருந்தும் போனார், எல். முருகன் மத்தியப் பிரதேசத்திலிருந்து போனார். பழைய சட்டத்தை யாரும் மதிக்கவில்லை என்பது உண்மைதான்: மன்மோகன் சிங் 1991 முதல் அசாம் வாக்காளராகப் பெயர் பதிந்து அங்கிருந்தே தேர்வானார். ஆனாலும், மீறப்படுகிறது என்பதற்காக விதியையே எடுத்துவிட்டால் "மாநிலங்களவை" என்ற பெயரில் மாநிலம் எங்கே இருக்கிறது? என்னால் இதை ஏற்க முடியவில்லை. உச்ச நீதிமன்றம் ஏற்றுவிட்டது.

நியமன உறுப்பினர்கள் பன்னிரண்டு பேர் யார்?

இலக்கியம், அறிவியல், கலை, சமூக சேவை ஆகியவற்றில் தேர்ந்தவர்கள். விளையாட்டு அந்தப் பட்டியலில் எழுத்தாக இல்லை. சச்சின் டெண்டுல்கர் 2012-இல் நியமனமானபோது அதைப் பற்றி வாதம் நடந்தது. இளையராஜா 2022-இல் நியமிக்கப்பட்டார். குடியரசுத் துணைத் தலைவர் தேர்தலில் இவர்களுக்கு ஓட்டு உண்டு, குடியரசுத் தலைவர் தேர்தலில் இல்லை.

அலங்கார நாற்காலிகள் என்று சிலர் கேலி செய்வார்கள். பல சமயம் அது சரியே. ஆனால் 1952-இல் உருவான முதல் மாநிலங்களவையில் நியமன உறுப்பினராக இருந்த நடனக் கலைஞர் ருக்மிணி தேவி அருண்டேல் விலங்குகள் வதைத் தடுப்புக்குத் தனிநபர் மசோதா (அமைச்சர் அல்லாத உறுப்பினர் கொண்டுவரும் மசோதா) கொண்டுவந்தார். 1960-இல் அரசே அதற்குச் சட்டம் செய்தது. எழுத்தாளர் ஆர்.கே. நாராயண் தம் கன்னிப் பேச்சில் வேறெதையும் தொடாமல், பள்ளிக் குழந்தைகள் முதுகில் சுமக்கும் புத்தக மூட்டையைப் பற்றி மட்டும் பேசினார்.

எந்த அவைக்கு அதிகாரம் அதிகம்?

பணத்திலும் ஆட்சியிலும் மக்களவைக்கு. அமைச்சரவை மக்களவைக்கு மட்டுமே பொறுப்பு. நம்பிக்கையில்லாத் தீர்மானம் அங்கேதான். 1999-இல் வாஜ்பாய் அரசு ஒரே ஓட்டில் விழுந்ததும் அங்கேதான். வரி, அரசுச் செலவு போன்றவற்றை மட்டும் பற்றிய பண மசோதாவை மாநிலங்களவை 14 நாள் வைத்திருக்கலாம், யோசனை சொல்லலாம், தடுக்க முடியாது. எது பண மசோதா என்று முடிவு செய்பவர் மக்களவைச் சபாநாயகர். 2016-இல் ஆதார் சட்டம் இப்படித்தான் பண மசோதாவாக வந்தது. மாநிலங்களவை சொன்ன திருத்தங்களை மக்களவை அன்றே தள்ளிவிட்டது. 2018-இல் உச்ச நீதிமன்றப் பெரும்பான்மை அதை ஏற்றாலும், நீதிபதி சந்திரசூட் கடுமையாக மாறுபட்டார்.

சாதாரண மசோதாவில் இரண்டு அவையும் முரண்பட்டால் கூட்டுக் கூட்டம் நடத்தலாம். தலைமை ஏற்பவர் சபாநாயகர். எண்ணிக்கை பலத்தால் மக்களவையே பெரும்பாலும் வெல்லும். இதுவரை 1961 (வரதட்சணைத் தடை), 1978 (வங்கிப் பணித் தேர்வாணைய நீக்கம்), 2002 (பொடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டம்) என மூன்று மசோதாக்கள் அப்படி நிறைவேறின.

அரசியலமைப்புத் திருத்தத்துக்குக் கூட்டுக் கூட்டம் இல்லை. அங்கே இரண்டு அவையும் சரிசமம். 1970 செப்டம்பரில் மன்னர் மானிய (முன்னாள் சமஸ்தான மன்னர்களுக்கு அரசு தந்த தொகை) ஒழிப்பு மசோதா மக்களவையில் நிறைவேறி மாநிலங்களவைக்கு வந்தது. ஆதரவு 149, எதிர்ப்பு 75. மூன்றில் இரண்டு பங்கு என்றால் 149.33 வேண்டும். ஒரே ஓர் ஓட்டின் மூன்றில் ஒரு பங்கு குறைந்து மசோதா தோற்றது! இந்திரா காந்தி அடுத்த ஆண்டு தேர்தலில் வென்று வந்து 26-ஆவது திருத்தமாக அதை நிறைவேற்ற வேண்டியதாயிற்று. 1989-இல் ராஜீவ் காந்தியின் பஞ்சாயத்து ராஜ் திருத்தமும் இதே வாசலில் நின்றுபோனது.

மாநிலங்களவைக்கு மட்டும் உரிய அதிகாரம் ஏதாவது?

உண்டு. மாநிலப் பட்டியலில் உள்ள ஒரு பொருளில் நாடாளுமன்றம் சட்டம் செய்ய வேண்டுமானால், மாநிலங்களவை மூன்றில் இரண்டு பங்குடன் அனுமதிக்க வேண்டும். ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். போன்ற புதிய அகில இந்தியப் பணிகளைத் தொடங்கவும் அப்படியே. குடியரசுத் துணைத் தலைவரை நீக்கும் தீர்மானமும் அங்கேதான் தொடங்க வேண்டும். அவர்தான் அந்த அவைக்குத் தலைவர். முதல் தலைவர் திருத்தணியில் பிறந்த ராதாகிருஷ்ணன்.

பெண்களுக்கான மூன்றில் ஒரு பங்கு இட ஒதுக்கீடு மாநிலங்களவைக்கும் உண்டா?

இல்லை. 2023-இல் நிறைவேறிய 106-ஆவது திருத்தம் மக்களவை, மாநிலச் சட்டமன்றங்கள், டெல்லி சட்டமன்றம் ஆகியவற்றுக்கு மட்டுமே.

மாநிலங்களவை உறுப்பினர் பிரதமராகலாமா?

ஆகலாம். மன்மோகன் சிங் பத்தாண்டும் அங்கிருந்தே பிரதமராக இருந்தார். எந்த அமைச்சரும் இரு அவையிலும் பேசலாம். தாம் உறுப்பினராக உள்ள அவையில் மட்டும் ஓட்டுப் போடலாம்.

தேர்தலில் தோற்றவர்களுக்குப் பின்வாசல்தானே இந்த அவை?

சில சமயம் ஆம். மக்கள் மறுத்தவரைக் கட்சி அனுப்பி வைப்பது எல்லா மாநிலத்திலும் நடக்கிறது. ஆனால் அந்தப் பின்வாசல் வழியாகப் போனவர்களில் ஒருவர் அண்ணா. 1962 சட்டமன்றத் தேர்தலில் காஞ்சிபுரத்தில் தோற்றார். அதே ஆண்டு மாநிலங்களவைக்குப் போனார். அவர் அங்கே பேசிய பேச்சுகளைத்தான் இன்றும் எடுத்துக் காட்டுகிறார்கள். 1967-இல் தென் சென்னையிலிருந்து மக்களவைக்குத் தேர்வானார். முதலமைச்சராகும் வாய்ப்பு வந்ததும் அந்த இடத்தை விட்டுவிட்டுச் சென்னை திரும்பி, சட்ட மேலவை உறுப்பினரானார். இப்போது இல்லாமல் போன அதே மேலவை.